பீஓஎஸ் முதல் ஹைக்கூ வரை

ஹைக்கூ, மேசைக்கணினிக்கென்றே எழுதப்பட்ட ஒரு திறமூல இயங்குதளம். திறமூல மேசைக்கணினி என்றதும் நினைவுக்கு வருவது லினக்ஸ். ஹைக்கூவின் அடியில் லினக்ஸ் கெர்னல் கிடையாது. கெர்னல், வரைகலை, கோப்பு மேலாளர், அஞ்சல் செயலி, அமைப்புகளை மாற்றும் சின்னச் சின்னச் சாளரங்கள் எல்லாமே ஒரே திட்டத்துக்குள் ஒன்றாக வளர்ந்தவை. 2001 ஆகஸ்டில் தொடங்கிய இந்த வேலையைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கக் கிளம்பியவர்களும் அல்லர். கலைந்துபோன ஒரு நிறுவனத்தின் பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை, அதன் மூலநிரல் கையில் இல்லாமலேயே மறுபடி எழுதுவதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. எனவே ஹைக்கூவின் வரலாறு பீ நிறுவனத்திலிருந்தே தொடங்குகிறது.

ஆப்பிள் நிறுவனத்தில் புதிய கணினிகளை உருவாக்கும் பிரிவுக்குத் தலைமை வகித்த பிரெஞ்சுக்காரர் ழான் லூயி காஸே. 1990-இல் அங்கிருந்து வெளியேறியதும், ஆப்பிளில் நியூட்டன் கையடக்கக் கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஸ்டீவ் சகோமனைச் சேர்த்துக்கொண்டு பீ நிறுவனத்தைத் தொடங்கினார். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த அந்தச் சிறு நிறுவனம் கணினியையும் அதற்கான இயங்குதளத்தையும் சேர்த்தே செய்ய நினைத்தது. முதல் மாதிரிகளில் இருந்தது ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஹாபிட் பிராசசர். அதன் தயாரிப்பை ஏடி அண்ட் டி நிறுத்திவிட்டதால் செய்த வேலையில் பெரும்பகுதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, பவர்பிசி பிராசசருக்கு மாறவேண்டி வந்தது.

1995 அக்டோபரில் பீபாக்ஸ் வெளியானது. அதில் 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இரண்டு பவர்பிசி 603 பிராசசர்கள். ஒரு பிராசசர் உள்ள கணினியே விலை அதிகமாகத் தெரிந்த காலத்தில் வீட்டுக் கணினியில் இரண்டு வைப்பது துணிச்சல்தான். பெட்டியின் முகப்பில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக விளக்குகள் இரண்டு வரிசைகளில் செங்குத்தாக ஏறியிறங்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரு பிராசசர் அந்த நொடியில் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும். பின்பக்கத்தில் கீக்போர்ட் என்றொரு இணைப்பான். மின்னணுவியலில் கைவைப்பவர்கள் தங்கள் சொந்தச் சுற்றுகளை அதில் நேரடியாகச் செருகலாம். இத்தனை இருந்தும் விற்றவை இரண்டாயிரத்துக்குள்தான். 1997 ஜனவரியில் பீபாக்ஸ் தயாரிப்பு நின்றது. நிறுவனத்தின் கையில் இயங்குதளம் மட்டுமே மிஞ்சியது.

அந்த இயங்குதளத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டால்தான், அதற்காகச் சிலர் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தது ஏன் என்று புரியும். 1990-களின் நடுவில் மேகின்டோஷிலும் வீட்டு விண்டோஸிலும் ஒரு செயலி திணறினால் மற்றவையும் சேர்ந்து திணறும். பீஓஎஸ்ஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி இழை, அதாவது தனியாக ஓடும் ஒரு நிரல் ஓட்டம், ஒதுக்கப்பட்டது. ஒரு சாளரம் பெரிய கோப்பைத் திறக்க மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்துச் சாளரம் தன் பாட்டுக்கு வேலை செய்யும். விழாக்களில் செய்து காட்டும்போது ஒரே திரையில் பல படங்களை ஓடவிட்டு, அவற்றின் சாளரங்களை இழுத்து நகர்த்துவார்கள், எதுவும் தடைபடாது. ஆனால் இதற்கான சுமை நிரல் எழுதுபவர் தலையில் விழுந்தது. இரண்டு இழைகள் ஒரே தரவைத் தொடும் இடமெல்லாம் பூட்டுப் போட்டு எழுதவேண்டும். ஒரு பூட்டு தவறினாலும் செயலி அப்படியே உறைந்துபோகலாம். வேறு தளங்களில் ஒற்றை இழையை நம்பி எழுதப்பட்ட பெரிய செயலிகளை இங்கே கொண்டுவருவது கடினமாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு சிறப்பு பீஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. டொமினிக் ஜியாம்பாலோவும் சிரில் மெரியோனும் எழுதிய இது 1997-இல் பயனுக்கு வந்தது. கோப்பின் உள்ளடக்கத்தோடு எத்தனை பண்புகளை வேண்டுமானாலும் ஒட்டிவைக்கலாம். வேண்டிய பண்புகளுக்கு அட்டவணை இட்டு, தரவுத்தளத்தில் தேடுவதுபோலத் தேடலாம். அஞ்சல் செயலியைப் பார்த்தால் இது விளங்கும். வரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் வன்தட்டில் ஒரு தனிக் கோப்பு. அனுப்புநர், பொருள், தேதி, படித்ததா இல்லையா என்பவை அந்தக் கோப்பின் பண்புகள். 'குறிப்பிட்ட ஒருவர் அனுப்பிய, இன்னும் படிக்காத அஞ்சல்கள்' என்ற தேடலை ஒரு கோப்பாகச் சேமித்துவைத்தால், அதைத் திறக்கும்போது சாதாரணக் கோப்புறையைப் போலவே பட்டியல் வரும். சாளரம் திறந்திருக்கும்போதே புது அஞ்சல் வந்தால் பட்டியலில் தானாக ஏறும். படித்துவிட்டால் தானாக நீங்கும். அஞ்சல் செயலிக்கென்று தனிப் பட்டியல் திரையே தேவைப்படவில்லை. கோப்பு மேலாளரே அந்த வேலையைப் பார்த்தது.

தொழில்நுட்பம் இவ்வளவு இருந்தும் வணிகத்தில் பீ நிறுவனம் எடுத்துவைத்த அடியெல்லாம் சறுக்கியது. 1996-இல் ஆப்பிள், கோப்லாண்ட் என்ற தன் புதிய இயங்குதளத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டு வெளியிலிருந்து ஒன்றை வாங்கத் தேடியபோது பீஓஎஸ்தான் முதலில் கண்ணில் பட்டது. பேச்சு விலையில் முறிந்தது. ஆப்பிள் 12.5 கோடி டாலர் வரை தர முன்வந்ததாகவும், காஸே இருபது கோடிக்கு மேல் கேட்டதாகவும் அப்போது செய்திகள் வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் நெக்ஸ்ட் நிறுவனத்தை நாற்பது கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டது. அதோடு ஸ்டீவ் ஜாப்ஸும் திரும்பி வந்தார். காஸே விலையில் பிடிவாதம் பிடித்ததால் காரியம் கெட்டது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. நெக்ஸ்டின் இயங்குதளம் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்து பழகியது. பீஓஎஸ்ஸில் அச்சிடும் வசதியே அப்போது அரைகுறை.

ஆப்பிளின் புதிய ஜி3 கணினிகளின் உள்விவரங்கள் கிடைக்காததால் மேகின்டோஷ் வழி அடைபட்டது. 1998-இல் பீஓஎஸ் இன்டெல் கணினிகளுக்கு வந்தது. கணினி தயாரிப்பாளர்கள் விண்டோஸோடு சேர்த்து பீஓஎஸ்ஸையும் நிறுவி விற்றால் பணமே வேண்டாம் என்று காஸே அறிவித்தார். ஹிட்டாச்சி ஜப்பானில் சில கணினிகளில் நிறுவியது. ஆனால் அவற்றை இயக்கினால் நேரே விண்டோஸ்தான் வரும். பீஓஎஸ் வன்தட்டில் இருப்பது வாங்கியவருக்குத் தெரியவே வழியில்லை. மைக்ரோசாஃப்டின் உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணம் என்று பீ நிறுவனம் 2002-இல் வழக்குப் போட்டது. 2003-இல் மைக்ரோசாஃப்ட் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்குள் பீ நிறுவனம் பெயரளவில்தான் உயிரோடு இருந்தது. 2000 மார்ச்சில் வெளியான ஐந்தாம் பதிப்பை வீட்டுப் பயனாளர்கள் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்; விண்டோஸுக்குள் ஒரு பெரிய கோப்பாக உட்கார்ந்து, அங்கிருந்தே பூட் ஆகும். அதற்கு முன்பே நிறுவனம் தன் கவனத்தை இணையக் கருவிகளின் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. அந்தச் சந்தையும் எழவில்லை. 2001 ஆகஸ்டில், வெறும் 1.1 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு, கையடக்கக் கணினிகளைச் செய்துவந்த பாம் நிறுவனம் பீயின் தொழில்நுட்பத்தையும் பொறியாளர்களையும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது.

பாமுக்கு வேண்டியிருந்தது பொறியாளர்கள். பீஓஎஸ்ஸை விற்கவோ மூலநிரலைத் திறந்துவிடவோ அதற்கு எண்ணம் இல்லை. பீயில் பிறந்த யோசனைகள் ஆட்களோடு சேர்ந்து நடந்தன. பீயில் தொடங்கி பாமில் வளர்ந்த பைண்டர் என்ற செய்திப் பரிமாற்ற முறை, அங்கிருந்து போன பொறியாளர்கள் வழியாக ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமாயிற்று. ஜியாம்பாலோ ஆப்பிளுக்குப் போனார். அங்கே ஸ்பாட்லைட் தேடலிலும் பின்னர் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமையிலும் வேலை செய்தார். இப்படி பீஓஎஸ்ஸின் துண்டுகள் பெரிய நிறுவனங்களுக்குப் போயின. முழு இயங்குதளமாக அதைக் காப்பாற்ற நினைத்தவர்கள் அதன் பயனாளர்களும், அதற்குச் செயலி எழுதிக்கொண்டிருந்தவர்களும் மட்டுமே.

பாமின் அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள், ஆகஸ்ட் 18 அன்று, மைக்கேல் ஃபிப்ஸ் ஓப்பன்பீஓஎஸ் திட்டத்தைத் தொடங்கினார். அதே சமயத்தில் வேறு சிலரும் கிளம்பினார்கள். ப்ளூஐட்ஓஎஸ், காஸ்மோ போன்றவை லினக்ஸ் கெர்னலின் மேல் பீஓஎஸ்ஸின் தோற்றத்தையும் நிரல் இடைமுகத்தையும் கட்ட முயன்றன. கெர்னல் எழுதும் பெரும்பாடு மிச்சம், டிரைவர்கள் தயாராகக் கிடைக்கும் என்பதால் பார்க்கப்போனால் அதுதான் எளிய வழி. அவை எதுவும் கரையேறவில்லை. ஜெர்மனியின் யெல்லோடேப் நிறுவனம் பீயின் வெளிவராத மூலநிரலை வைத்து ஸீட்டா என்ற பெயரில் விற்றது. தொலைக்காட்சி விற்பனை அலைவரிசையில்கூட விற்றது. 2006-இல் யெல்லோடேப் நொடித்தது. வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போன ஸீட்டாவின் விற்பனை 2007-இல் நின்றது. பாமின் மென்பொருள் உரிமைகளை அதற்குள் வாங்கியிருந்த ஜப்பானின் ஆக்சஸ் நிறுவனம், ஸீட்டாவுக்குத் தான் உரிமம் எதுவும் கொடுக்கவில்லை என்று சொன்னதுதான் காரணம்.

ஓப்பன்பீஓஎஸ் எடுத்த முடிவு கடினமானது, ஆனால் தெளிவானது. ஐந்தாம் பதிப்பு எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே நடந்துகொள்ளும் ஒன்றை எழுதவேண்டும். அதற்கு அப்பால் எதுவும் வேண்டாம். ஐந்தாம் பதிப்புக்காக கம்பைல் செய்யப்பட்ட செயலிகள் மாற்றமில்லாமல் ஓடவேண்டும். புதிய யோசனைகளோடு வந்தவர்களுக்கென்று கிளாஸ் எலிவேட்டர் என்ற தனி இடம் ஒதுக்கப்பட்டது. திட்டத்தின் இரண்டாம் பதிப்பில் என்னென்ன செய்யலாம் என்று அங்கே பேசிக்கொள்ளலாம். முதல் பதிப்பின் வேலையைத் தொந்தரவு செய்யக்கூடாது. பல நாடுகளில் சிதறிக் கிடந்த, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத தன்னார்வலர்களை ஒன்றாக வைத்திருந்தது இந்தக் கட்டுப்பாடுதான் என்று சொல்லலாம். எது சரி என்ற சண்டை எழுந்தால், பழைய பீஓஎஸ்ஸை இயக்கி, அது என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

வேலையைப் பிரித்துக்கொள்வதற்கும் பீஓஎஸ்ஸின் அமைப்பே கைகொடுத்தது. அது கோப்பு, இடைமுகம், ஊடகம், அச்சு என்று தனித்தனிப் பகுதிகளாகவும் சேவையகங்களாகவும் கட்டப்பட்டிருந்ததால், ஒவ்வொரு குழுவும் தன் பகுதியை மட்டும் எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் பழைய பீஓஎஸ்ஸில் அசல் பகுதியை எடுத்துவிட்டு அங்கே பொருத்திச் சோதிக்கலாம். கெர்னல் தயாராகும்வரை யாரும் கைகட்டி உட்கார வேண்டியிருக்கவில்லை. கெர்னலையும் வெறும் தாளிலிருந்து தொடங்கவில்லை. பீயில் முன்பு பொறியாளராக இருந்த டிராவிஸ் கைசல்பிரெக்ட் தன் விருப்பத்துக்கு எழுதிவந்த நியூஓஎஸ் கெர்னலை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். பீஎஃப்எஸ்ஸை மறுபடி எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆக்சல் டோர்ஃப்ளர். ஜியாம்பாலோ 1998-இல் தன் கோப்பு முறைமையை விளக்கிப் புத்தகமே வெளியிட்டிருந்தார். டிராக்கர் என்ற கோப்பு மேலாளரை பீ நிறுவனமே 2000-இல் திறமூலமாக வெளியிட்டிருந்ததால் அது அப்படியே கிடைத்தது. புதிதாக எழுதப்பட்டவற்றுக்கு எம்ஐடி உரிமம்: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்.

2003-இல் நன்கொடைகளைப் பெறவும் செலவழிக்கவும் ஹைக்கூ இன்க் என்ற லாபநோக்கற்ற அமைப்பு நியூயார்க் மாநிலத்தில் பதிவாயிற்று. பீஓஎஸ் என்ற வணிகப் பெயர் பாமின் சொத்து என்று எச்சரிக்கை வந்ததால் 2004-இல் திட்டத்தின் பெயரே மாறியது. பீஓஎஸ்ஸின் நெட்பாசிட்டிவ் உலாவியில் இணையப் பக்கம் கிடைக்காவிட்டால் வழக்கமான பிழைச் செய்திக்குப் பதில் மூவரி ஹைக்கூ கவிதை வரும். பழைய பயனாளர்களுக்குச் சட்டென்று புரியும் அந்தக் குறும்பிலிருந்துதான் புதுப் பெயர் வந்தது.

ஒத்திசைவை எவ்வளவு தூரம் கடைப்பிடித்தார்கள் என்பதற்கு ஒரு விளையாட்டான சான்று உண்டு. பீயின் பொறியாளர்கள் நிரல் இடைமுகத்துக்குள், கணினி இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று கேட்கும் ஒரு செயற்கூறையும், கணினி தீப்பிடித்து எரிகிறதா என்று கேட்கும் இன்னொன்றையும் வேடிக்கைக்காக வைத்திருந்தார்கள். முதலாவது எப்போதும் ஆம் என்றே சொல்லும்; அணைந்த கணினி பதில் சொல்லப்போவதில்லையே. அந்த இரண்டும் ஹைக்கூவின் தலைப்புக் கோப்பில் இன்றும் இருக்கின்றன.

ஒத்திசைவின் தீவிரமான பக்கம் அவ்வளவு எளிதாக இல்லை. இன்டெல் கணினிகளுக்கான பீஓஎஸ் செயலிகள் ஜிசிசி 2.95 கம்பைலரால் உருவானவை. அதன்பின் வந்த ஜிசிசி 3, சி++ நிரலை இயந்திர மொழியில் அடுக்கும் விதத்தையே மாற்றியது. பழையதில் கம்பைல் ஆன செயலியும் புதியதில் கம்பைல் ஆன லைப்ரரியும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. ஆகவே பழைய செயலிகள் ஓடவேண்டுமென்றால் ஹைக்கூவையும் பழைய கம்பைலரில்தான் கட்டவேண்டும். புதிய செயலிகளைக் கொண்டுவர வேண்டுமென்றால் அவை அந்தக் கம்பைலரில் கம்பைலே ஆகாது. கடைசியில் லைப்ரரிகளை இரண்டு தொகுப்பாகக் கட்டி, செயலியின் வயதைப் பார்த்து எது வேண்டுமோ அதை ஏற்றும் கலப்பு முறைக்கு வந்தார்கள். இதற்குச் செலவான உழைப்பு கொஞ்சமல்ல. அதை வைத்து ஓட்டப்பட்ட பழைய செயலிகளோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தன. ஆனாலும் அந்த நிபந்தனை தொடக்கத்திலேயே தளர்ந்திருந்தால், ப்ளூஐட்ஓஎஸ்ஸுக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

2008-இல் ஹைக்கூ தன்னைத் தானே கம்பைல் செய்யும் நிலைக்கு வந்தது. எழுதுபவர்களுக்குப் பழைய பீஓஎஸ் இனித் தேவையில்லை. 2009 செப்டம்பரில், தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் ஆல்ஃபா வெளியானது. 2010, 2011, 2012 ஆண்டுகளில் அடுத்தடுத்த ஆல்ஃபாக்கள். இந்தக் காலத்தில் நடந்தவற்றில் டிரைவர்களைப் பற்றிய முடிவு முக்கியமானது. ஒவ்வொரு பிணைய அட்டைக்கும் தாங்களே டிரைவர் எழுதினால் உலகம் முழுக்க உள்ள கணினிகளை எட்டிப்பிடிக்கவே முடியாது. எனவே ஃப்ரீபிஎஸ்டியின் டிரைவர்களை ஏறக்குறைய மாற்றமின்றி எடுத்துக்கொள்ள ஓர் இடையடுக்கு எழுதினார்கள். வைஃபை வந்தது அந்த வழியாகத்தான். படவுருக்களுக்கு ஸ்டெபான் ஆஸ்முஸ் ஒரு வெக்டர் வடிவத்தை உருவாக்கினார். ஒரு படவுரு பெரும்பாலும் ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. கோப்பைப் பற்றிய அடிப்படைத் தகவல் இருக்கும் அதே வட்டுத் தொகுதியிலேயே அடங்கிவிடும். கோப்புறையைத் திறக்கும்போது படங்களுக்கென்று வன்தட்டை மறுபடி தேடிப் படிக்க வேண்டியதில்லை. 2007 முதல் கூகுளின் கோடைக்கால மாணவர் திட்டத்திலும் ஹைக்கூ பங்கேற்றது. 2012-இல் அதில் சேர்ந்த ஒரு மாணவர்தான் 64 பிட் கணினிகளுக்கு ஹைக்கூவைக் கொண்டுவந்தார். அந்த வடிவத்தில் பழைய பீஓஎஸ் செயலிகள் ஓடாது.

2012 நவம்பரில் நான்காவது ஆல்ஃபா. அடுத்ததாக முதல் பீட்டா வந்தது 2018 செப்டம்பர் 28 அன்று. நடுவில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். திட்டம் செத்துப்போனது என்று வெளியில் நினைத்தவர்கள் பலர். உள்ளே நடந்தது வேறு. ஐந்தாம் பதிப்பைத் தாண்டக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டை மீறி, செயலிகளை நிறுவும் முறையையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். நன்கொடைப் பணத்தில் இங்கோ வைன்ஹோல்டும் ஒலிவர் டாப்பெயும் எழுதிய பொதி முறை 2013-இல் ஹைக்கூவின் மைய நிரலில் சேர்ந்தது. மற்ற இயங்குதளங்களில் பெரும்பாலும் பொதியைப் பிரித்து உள்ளிருக்கும் கோப்புகளை வன்தட்டெங்கும் பரப்புவார்கள். ஹைக்கூவில் பொதி பிரிக்கப்படுவதே இல்லை. பொதிக் கோப்பை அதற்குரிய கோப்புறையில் போட்டால் உள்ளிருப்பவை கோப்பு மரத்தில் தோன்றும், எடுத்துவிட்டால் மறையும். எழுத முடியாதபடி இருப்பதால் இயங்குதளத்தின் கோப்புகளைத் தவறிப்போய் அழிக்கவும் வழியில்லை. புதுப்பித்தபின் ஏதாவது கெட்டுப்போனால், பூட் ஆகும்போது முந்தைய ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம்.

பொதி முறை வந்தபின் வேறு தளங்களின் செயலிகளைக் கொண்டுவருவது சுலபமாயிற்று. க்யூட்டி கருவித்தொகுப்பில் எழுதப்பட்டவை ஏராளமாக வந்தன. 2018-இல் லிப்ரேஆஃபீஸ் வந்தது. இதனால் ஹைக்கூவைத் தினசரி வேலைக்குப் பயன்படுத்த முடிந்தது. அதற்கென்றே எழுதப்படும் செயலிகளின் தேவை குறைந்தும் போனது. ஹைக்கூவின் சொந்த வரைகலைச் சேவையகம் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கி வரையும் முறையில் அமைந்தது. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்கவேண்டும் என்ற கணக்கு அதற்குள் வைக்கப்படவில்லை. இந்திய மொழிகளைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து வந்த செயலிகள் ஹைக்கூவின் சொந்தச் செயலிகளைவிடச் சரியாக எழுத்தைக் காட்டியதற்கு அதுவே காரணம்.

2020, 2021, 2022 ஆண்டுகளில் மேலும் மூன்று பீட்டாக்கள் வந்தன. 2021 முதல் ஹைக்கூ இன்க் நன்கொடைகளிலிருந்து ஒரு நிரலாளருக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை குறுகிய கால ஒப்பந்தங்களே இருந்தன. ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வெளியானது. 32 பிட் வடிவத்தில் ஐந்தாம் பதிப்புக்கான செயலிகள் இன்னும் ஓடுகின்றன. முதல் முழுப் பதிப்பு என்று சொல்லி எதையும் அந்தப் பீட்டா வரை திட்டம் வெளியிடவில்லை.